கேள்வியும் நிரம்பலும்: காணொளிவழிப் பொருளியற் கல்வி பற்றிய ஒரு நோக்கு

தமிழிற் ‘கேள்வி’ என்னும் சொல் மூன்று பொருள்களிற் பயின்று வருகின்றது. திருக்குறளில் அது ஓர் அதிகாரத்தின் பெயர். கற்றோர் கூறுவனவற்றைச் செவியாற் கேட்டுப் பெறும் அறிவை அங்கு அது குறிக்கின்றது. அன்றாட வழக்கில் அது வினாவைக் குறிக்கும். இலங்கையிற் பொருளியலைத் தமிழிற் கற்போர்க்கோ அது நிரம்பலோடு சேர்த்துச் சொல்லப்படும் கலைச்சொல். வாங்கும் விருப்பும் வலுவும் உடையோர் ஒரு விலையில் வாங்க முன்வரும் அளவை அது சுட்டும். பொருளியற் கல்வியின் கணிசமான பகுதி இன்று இணையக் காணொளிப் பாடங்கள் வழியாக நடைபெறுவதால் இம்மூன்று பொருள்களையும் ஒருங்குவைத்து நோக்க வேண்டியுள்ளது. முதலாம் பொருளிலான கேள்வி, காணொளியில் வேண்டிய மட்டும் கிடைக்கின்றது. மூன்றாம் பொருளிலான கேள்வி அங்கே மிகத் தெளிவாகக் கற்பிக்கப்படுகின்றது. இரண்டாம் பொருளிலான கேள்விக்கு, அதாவது மாணவரின் வினாவுக்கு, அங்கே எத்துணை இடமுண்டு என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாடம் என்பதும் ஓர் ஆக்கமே. அதற்கும் ஒரு கூற்றுநிலை உண்டு. கேட்போர் யார் என்பது பற்றிய ஓர் எடுகோள் உண்டு. எடுத்துக்காட்டுக்களைத் தெரிவதிலும் முடிவை அமைப்பதிலும் ஒரு நோக்கு உண்டு. நாவலையும் கவிதையையும் இவ்வாறு பகுத்து நோக்கப் பழகிய நாம், நம் மாணவர் நாள்தோறும் கேட்டுவரும் பாடங்களை அவ்வாறு நோக்காது விடுதல் பொருந்தாது. காணொளிப் பாடங்கள் வசதியானவையா, பரீட்சைக்கு உதவுவனவா என்ற அளவிலேயே அவை பற்றிய உரையாடல் பெரும்பாலும் நின்றுவிடுகின்றது. அவை எத்தகைய பொருளியலைக் கற்பிக்கின்றன, எத்தகைய மாணவரை உருவாக்குகின்றன என்பன அதனிலும் அடிப்படையான வினாக்களாம்.

வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். பொருளியற் போதனையின் போக்கை அவ்வக்காலப் பாடநூல்களே நிர்ணயித்து வந்துள்ளன. அல்பிரட் மார்ஷலின் நூல் 1890 இலும், போல் சாமுவேல்சனின் நூல் 1948 இலும் வெளிவந்தன. இவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு தலைமுறைக்குப் பொருளியல் என்றால் யாது என்பதை வரையறுத்துக் கொடுத்தன. இவ்விடத்தைக் காணொளி பங்கிட்டுக் கொள்ளத் தொடங்கியது இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலாகும். சல்மான் கான் 2004 இல் தம் உறவுச் சிறுமி ஒருத்திக்குத் தொலைவிலிருந்து கணிதம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். 2006 இல் அப்பாடங்களை யூடியூப்பில் இடலானார். 2008 இல் அது கான் அக்கடமி என்னும் நிறுவனமாயிற்று. யேல் பல்கலைக்கழகம் பென் போலக் 2007 இல் நடத்திய ஆட்டக் கோட்பாட்டு வகுப்பைப் பதிவு செய்து உலகுக்கு வழங்கியது. ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகப் பேராசிரியர்களான ரைலர் கவன், அலெக்ஸ் தபறொக் ஆகிய இருவரும் 2012 இல் மார்ஜினல் றெவலூஷன் யுனிவேர்சிற்றி என்னும் இணையப் பாடத்தளத்தைத் தொடக்கினர். 2020 மார்ச்சில் இலங்கைப் பல்கலைக்கழகங்கள் கொள்ளைநோயின் பொருட்டு மூடப்பட்டபொழுது, முன்னர் ஒரு துணையாக இருந்த திரை பலருக்கு வகுப்பறையே ஆயிற்று.

இப்பாடங்களின் நன்மைகளை முதலில் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். அவற்றுட் பல கட்டணமின்றிக் கிடைப்பவை. விரிவுரையாளரை மறித்து “மீண்டும் சொல்லுங்கள்” எனக் கேட்கத் தயங்கும் மாணவர் காணொளியைப் பத்து முறையும் திருப்பிக் கேட்கலாம். வளையி ஒன்று கண்முன்னே கோடு கோடாக வளர்வதைக் காண்பது, அச்சிட்ட முழுவடிவத்தைக் காண்பதிலும் பயனுடையது. நூலக வசதி குறைந்த பிரதேசத்திலிருந்து வரும் மாணவருக்கு இது சிறிய பேறன்று. ஆகவே காணொளியை ஒதுக்குமாறு கூறுவது இங்கு நோக்கமன்று. அதை வாசிக்கும் முறையைக் கூறுவதே நோக்கமாகும்.

கான் அக்கடமியின் நுண்பாகப் பொருளியற் பாடங்களில் உற்பத்திச் சாத்திய வளையியை விளக்கும் பாடத்தை முதல் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கரிய திரை, அதன் மேல் வண்ண எழுத்துக்கள், முகம் தோன்றாத ஒரு குரல். கேட்பவரை வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழும் ஒருவராகக் கற்பனை செய்துகொள்ளுமாறு அக்குரல் கூறுகின்றது. ஒரு நாளின் நேரத்தை முயல் பிடிப்பதிற் செலவிடலாம். காட்டுப் பழம் பறிப்பதிலும் செலவிடலாம். ஒன்றைக் கூட்டினால் மற்றையது குறையும். இதிலிருந்து அமையச்செலவு என்னும் கருத்து இயல்பாகப் பிறக்கின்றது. சில நிமிடங்களில் ஓர் அருவமான கருத்தை இத்துணை எளிமையாக உணர்த்துதல் போற்றத்தக்க ஆசிரியத் திறனாகும்.

எனினும் அக்காட்டில் வேறு மனிதர் இல்லை. காடு எவருக்கும் உரியதன்று. வேட்டையாடுபவர் எவருக்கும் வாரம் கொடுக்க வேண்டியதில்லை. எவரிடமும் கூலி பெறுவதுமில்லை. இத்தனி மனிதர் பொருளியலுக்குப் புதியவரல்லர். தானியேல் டீபோ 1719 இற் படைத்த றொபின்சன் குரூசோவை முன்மாதிரியாகக் கொண்டு பொருளியலறிஞர் நெடுங்காலம் எழுதிவந்துள்ளனர். சமுதாயத்தின் விளைவான தனிமனிதனைச் சமுதாயத்தின் தொடக்கமாகக் காட்டும் இப்போக்கைக் கார்ல் மார்க்ஸ் 1857 இல் எழுதிய முன்னுரையிலேயே கண்டித்திருந்தார்.

இவ்விடத்தில் அடம் ஸ்மித்தை ஒப்புநோக்குதல் பயன்தரும். 1776 இல் வெளிவந்த அவரது நூலிலும் வேடர் வருகின்றனர். நீர்நாயை ஒத்த பீவரையும் மானையும் வேட்டையாடுகின்றனர். ஆயின் அவர்கள் ஒரு சமூகத்தினர். தம்முட் பண்டமாற்றுச் செய்வோர். அதனினும் முக்கியமானது, நிலம் தனியுடைமையாவதற்கும் மூலதனம் திரள்வதற்கும் முற்பட்ட நிலைக்கே அவ்வெடுத்துக்காட்டுப் பொருந்தும் என ஸ்மித் எல்லை வகுத்துக் கூறியமை. அவ்வெல்லையைக் கடந்ததும் இலாபமும் வாரமும் வந்து புகுகின்றன, விவாதம் தொடங்குகின்றது. காணொளிப் பாடத்தில் எடுத்துக்காட்டு இருக்கின்றது, எல்லை இல்லை. முயலும் பழமும் முடிந்தவுடன் அதே வளையி ஒரு தொழிற்சாலைக்கும் ஒரு நாட்டுக்கும் பொருந்துவதாக மாணவர் மனத்திற் பதிந்துவிடுகின்றது. ஒரு நாடு எதை உற்பத்தி செய்வது என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்னும் வினா எழுவதற்கான இடமே அங்கில்லை.

இரண்டாவது எடுத்துக்காட்டு மார்ஜினல் றெவலூஷன் யுனிவேர்சிற்றியின் புகழ்பெற்ற ‘நான், றோசா’ என்னும் பாடம். அத்தளத்தின் பெயரே கவனத்துக்குரியது. 1870 களில் ஜெவோன்ஸ், மெங்கர், வல்றாஸ் ஆகியோர் எல்லைப் பயன்பாட்டை அடிப்படையாக வைத்துப் பொருளியலைத் திருத்தியமைத்த நிகழ்ச்சியை அப்பெயர் நினைவூட்டுகின்றது. ‘அரசியற் பொருளாதாரம்’ என வழங்கிய துறை படிப்படியாக ‘அரசியல்’ என்னும் அடைமொழியை இழந்து வெறும் பொருளியலானது அக்காலந் தொடங்கியாகும். பாடத்தின் தலைப்போ லெனார்ட் றீட் 1958 இல் எழுதிய ‘நான், பென்சில்’ என்னும் கட்டுரையை அடியொற்றியது. தளத்தின் ஆசிரியர் இருவரும் தம் சந்தைச் சார்பை மறைப்பவரல்லர். ஆதலால் அவர்களைப் பக்கச்சார்பினர் எனக் கூறுவதால் மட்டும் விமரிசனம் நிறைவுறாது. பாடம் எவ்வாறு இயங்குகின்றது என்று காண வேண்டும்.

பனி உறைந்த வடபுல நகரங்களிற் பெப்ரவரி மாதத்துக் காதலர் தினத்தன்று புத்தம்புது றோசாக்கள் எவ்வாறு கிடைக்கின்றன என்பது அப்பாடம் எழுப்பும் வினா. எவருடைய கட்டளையுமின்றி, ஒருவரையொருவர் அறியாத பல்லாயிரவரின் செயல்களை விலை என்னும் சைகை ஒருங்கிணைக்கின்றது என்பது விடை. இது ஆழ்ந்த உண்மையைக் கொண்ட விடை. மத்திய திட்டமிடலின் இடர்ப்பாடுகளை அறிந்தோர் எவரும் இதனை இலகுவிற் புறந்தள்ளார். ஆயினும் றோசாவின் வழியே இன்னும் சிறிது நடந்தால் வேறு காட்சிகளும் தென்படும். ஐரோப்பாவுக்குப் பூ அனுப்பும் நாடுகளுள் முதன்மையான கென்யாவின் மலர்ப் பண்ணைகள் நைவாஷா ஏரியைச் சூழச் செறிந்துள்ளன. ஏரிநீரை எவ்வளவு எடுக்கலாம், பண்ணைக் கழிவுகள் ஏரியை என்ன செய்கின்றன, தொழிலாளர் கூலி போதுமானதா என்பன அங்கு நெடுங்காலமாக விவாதிக்கப்படும் விடயங்கள். இவை பொருளியலுக்குப் புறம்பானவையல்ல. புறவிளைவுகள் பற்றிய வேறொரு பாடத்தில் இத்தளமே இத்தகைய பிரச்சினைகளைப் பேசுகின்றது. ஆனால் றோசாவின் கதையில் அவை வரவில்லை. கதை இன்பமாக முடிந்த பின்னர், குறைகள் பிறிதோரிடத்தில் விதிவிலக்குகளாகக் கூறப்படுகின்றன. எதை விதியாக வைப்பது, எதை விதிவிலக்காக வைப்பது என்னும் ஒழுங்கமைப்பிலேயே ஒரு நோக்குநிலை அடங்கியிருக்கின்றது.

இலங்கை மாணவர்க்கு றோசாவினும் தேயிலைக் கொழுந்து அணுக்கமானது. 1883 முதல் கொழும்பிலே தேயிலை ஏலம் நடைபெற்று வருகின்றது. அங்கு உருவாகும் விலை, இப்பாடம் கூறும் சைகைகளை உலகுக்கு அனுப்பத்தான் செய்கின்றது. ஆயினும் கொழுந்து பறிப்போரின் நாட்கூலி அந்த ஏலத்திலே தீர்மானிக்கப்பட்டதன்று. தொழிற்சங்கங்களுக்கும் தோட்ட முதலாளிமாருக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தங்கள் நெடுங்காலம் அதனை நிர்ணயித்தன. பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021 இற் சம்பளச் சபையின் தீர்மானத்தின்படி அது 1,000 ரூபாவாக்கப்பட்டது. ஒரே தேநீர்க் கோப்பையில் சந்தை விலையும் பேரம்பேசும் வலுவும் அரசின் சட்டமும் கலந்துள்ளன. ‘நான், தேயிலை’ என ஒருவர் பாடம் எழுதப் புகுந்தால் அவராற் சைகையோடு நின்றுவிட முடியாது.

இக்குறைபாடு காணொளியோடு பிறந்ததன்று என்று வாதிக்கலாம்; அவ்வாதம் நியாயமானதே. பாரிஸ் மாணவர் 2000 ஆம் ஆண்டில் ஒருபக்கப் பொருளியற் போதனையைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டனர். ஹார்வார்ட் மாணவருட் சிலர் 2011 நவம்பரில் அறிமுகப் பொருளியல் விரிவுரையிலிருந்து வெளிநடப்புச் செய்தனர். மன்செஸ்ரர் மாணவர் 2012 இல் இதே நோக்கோடு ஒரு சங்கம் அமைத்தனர். இவர்களெல்லாம் எதிர்த்தது நேர்முக வகுப்பறையையும் அச்சிட்ட பாடநூலையுமே. எனவே காணொளி பழைய பாடநூலின் வாரிசு எனலாம். ஆயின் அந்த வாரிசு புதிதாகச் சேர்த்துக்கொண்டது ஒன்றுண்டு. பாடநூலின் ஓரத்தில் வினாக்குறி இடலாம். இரண்டு நூல்களை மேசை மீது விரித்து ஒப்பிடலாம். விரிவுரையாளரின் தயக்கத்திலிருந்துகூட இது விவாதத்துக்குரிய இடம் என ஊகிக்கலாம். பதிப்பித்து மெருகேற்றிய காணொளியில் தயக்கங்கள் வெட்டி நீக்கப்பட்டுவிடுகின்றன. ஈற்றில் வரும் பயிற்சி வினாக்களும் நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரியும் வினாக்களே பெரும்பாலும். வினவுபவர் ஆசிரியராகவும் விடையளிப்பவர் மாணவராகவுமே எப்பொழுதும் இருக்கின்றனர்.

இது காணொளி என்னும் ஊடகத்தின் தவிர்க்க முடியாத இயல்பன்று என்பதற்குப் பென் போலக்கின் யேல் வகுப்பே சான்று. முதல் நாளே அவர் மாணவரை ஓர் ஆட்டத்தில் ஈடுபடுத்துகின்றார். ஒவ்வொருவரும் இரண்டு எழுத்துக்களுள் ஒன்றைத் தெரிதல் வேண்டும். முன்னறியாத இணை ஒருவரின் தெரிவோடு சேர்ந்தே அவரது புள்ளி அமையும். ஏன் அதைத் தெரிந்தீர்கள் என ஒவ்வொருவராகக் கேட்கின்றார். மாணவர் தடுமாறுகின்றனர், முரண்படுகின்றனர், தம் தெரிவுக்கு நியாயம் தேடுகின்றனர். பின்னர் 1 இலிருந்து 100 வரையான ஓர் எண்ணை எழுதுமாறு கேட்கின்றார். வகுப்பின் சராசரியின் மூன்றில் இரண்டு பங்குக்கு மிக அண்மித்த எண்ணை எழுதியவரே வென்றவர். எல்லோரும் கோட்பாடு கூறுமாறு பகுத்தறிவுடன் நடந்தால் விடை 1 ஆகவேண்டும். வகுப்பு அவ்விடத்துக்கு வந்துசேரவில்லை. கோட்பாட்டு மனிதருக்கும் எதிரே அமர்ந்திருக்கும் மனிதருக்கும் உள்ள தூரம் அவ்வகுப்பிலேயே வெளிப்பட்டு, ஆராய்ச்சிப் பொருளாகிவிடுகின்றது. ஒலித்தெளிவிலும் படக்கவர்ச்சியிலும் இவ்வகுப்புப் பின்தங்கியதே. ஆயினும் அதைத் தனியறையிலிருந்து காணும் மாணவர் பிறர் ஐயுறுவதைக் கேட்கின்றார். தாமும் ஐயுறலாம் என உணர்கின்றார்.

இவையெல்லாம் போதனை முறை பற்றிய சிறு வேறுபாடுகள் தாமே என ஒருவர் கருதக்கூடும். அவ்வாறன்று என்பதை 2022 இன் இலங்கை நமக்கு உணர்த்தியது. உச்ச விலை பற்றிய இணையப் பாடங்களில், ஐக்கிய அமெரிக்காவில் 1971 இல் நிக்சன் விதித்த விலைக் கட்டுப்பாடும் அதன் பின் எழுபதுகளில் எரிபொருள் நிலையங்களில் நீண்ட வரிசைகளும் எடுத்துக்காட்டாக வருவன. சமநிலை விலைக்குக் கீழே விலையை நிறுத்தினால் கேள்வி மிகும், நிரம்பல் குறையும், வரிசை தோன்றும். விலையை விடுவித்தால் வரிசை மறையும். இப்பாடத்தைக் கற்ற மாணவர் தாமே பெற்றோல் வரிசையில் நின்றபொழுது அதனை எவ்வாறு விளங்கிக்கொள்வார்?

நிகழ்ச்சிகளை ஒழுங்காக நோக்குவோம். டொலரின் விலை பல மாதங்கள் 200 ரூபாவை அடுத்த மட்டத்தில் தடுத்து வைக்கப்பட்டிருந்து, 2022 மார்ச் 7 இல் விடுவிக்கப்பட்டது. மே மாதமளவில் அது 360 ரூபாவை எட்டியது. மார்ச் முற்பகுதியில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல், படிப்படியாக உயர்ந்து ஜூன் 26 இல் 470 ரூபாவாயிற்று. பாடத்தின்படி வரிசை இப்பொழுது குறைந்திருத்தல் வேண்டும். ஆனால் விலை உச்சத்தைத் தொட்ட மறுநாளே, அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த ஏனையோருக்கு ஜூலை 10 வரை எரிபொருள் விற்பனை நிறுத்தப்படுவதாக அறிவிக்கப்பட்டது. ஏப்பிரல் 12 இல் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை இடைநிறுத்திய நாட்டிடம் கப்பலுக்குக் கொடுக்கப் போதிய டொலர் இருக்கவில்லை. வரிசைகள் குறைந்தது ஜூலைக்கும் ஓகஸ்ட்டுக்கும் இடையில், வாகனத்துக்கு இவ்வளவு எனப் பங்கீடு செய்யும் கியூஆர் அனுமதிமுறை நடைமுறைக்கு வந்த பின்னராகும்.

இதனால் பாடம் பொய் என்று கூறிவிடலாமா? கூடாது. டொலரின் விலையைத் தடுத்து வைத்ததும் ஓர் உச்ச விலையே. தட்டுப்பாட்டின் வேர் அங்கேயும் உண்டு என ஒரு சாரார் வாதிடுவர். விலை விடுவிக்கப்பட்ட பின்னும் டொலர் வராமைக்குக் கடன்சுமையும் கடன்கொடுத்தோரின் நம்பிக்கையிழப்புமே காரணம், அவற்றுக்கோ பல தசாப்த ஏற்றுமதிக் கட்டமைப்பும் 2019 இன் வரிக் குறைப்பும் காரணம் என மறுசாரார் கூறுவர். விலையாற் பங்கிட்டிருப்பின் 470 ரூபா கொடுக்க இயலாத முச்சக்கரவண்டிச் சாரதியின் நிலை யாது என்னும் நீதி பற்றிய வினாவும் இடையே எழும். அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதமாயிருந்தது. அக்காலத்தில் இவ்வாதங்கள் தெருவிலும் தேநீர்க் கடையிலும் ஒலித்தன. பொருளியல் மாணவர் அவற்றை நிறுத்து நோக்கி, எது எவ்வளவுக்கு உண்மை எனக் கூறும் வலுவுடையவராய் இருந்திருத்தல் வேண்டும். இரண்டு வளையிகள் வெட்டும் புள்ளியோடு நின்றுவிட்ட கல்வி அவ்வலுவைத் தராது. அடுத்த நெருக்கடியின்போது எந்த மானியம் வெட்டப்படும், யாருடைய வரி உயரும் என்பன பற்றி முடிவெடுக்கும் மேசைகளில் நம் மாணவருட் சிலரே அமர்ந்திருப்பர் என்பதை எண்ணும்பொழுது இதன் பாரதூரம் புலப்படும்.

தமிழ்மொழி மூல மாணவர்க்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1960 அளவில் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கலைத்துறைப் பாடங்கள் சுயமொழிகளிற் கற்பிக்கப்படலாயின. அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. கேள்வி, நிரம்பல், வளையி, அமையச்செலவு ஆகியன அக்காலத்து உழைப்பின் வழியே நமக்கு வாய்த்தவை. இன்றைய மாணவர் ஆங்கிலக் காணொளியைக் கேட்டுத் தமிழிற் பரீட்சை எழுதுகின்றார். தமிழ்நாட்டிலிருந்து வரும் காணொளியைத் தேடினால் தேவை, அளிப்பு, வாய்ப்புச் செலவு எனப் பிறிதொரு சொற்றொகுதியைச் சந்திக்கின்றார். மூன்றையும் பொருத்திக்கொள்ளும் சுமை அவர் தலைமீது விழுகின்றது. இந்நிலையிற் கருத்தை ஐயுறுவதற்கு அவருக்கு ஓய்வு ஏது? சொல்லை விளங்கிக்கொள்வதே வெற்றியாகத் தோன்றிவிடுகின்றது. தமிழிற் புதிதாகத் தோன்றும் பொருளியற் காணொளிகளோ பெரும்பாலும் உயர்தரப் பரீட்சையை நோக்கியவை. கடந்தகால வினாத்தாள்களுக்கு விடை கூறுதலே அவற்றின் எல்லை. ஆங்கிலப் பாடத்தின் மெருகும் அவற்றில் இல்லை. யேல் வகுப்பின் உரையாடலும் இல்லை.

தொடக்கநிலை மாணவருக்கு விவாதம் குழப்பத்தையே தரும், அடிப்படையை முதலிற் கற்கட்டும் என்பது இதற்கு வழமையாகக் கூறப்படும் மறுப்பு. போலக்கின் வகுப்பு அம்மறுப்புக்கு ஒரு விடை. 2008 இன் உலக நிதி நெருக்கடிக்குப் பின் பல நாட்டுப் பொருளியலாளர் கூடி உருவாக்கிய கோர் என்னும் இலவசப் பாடநூல் மற்றொரு விடை. 2017 இல் அச்சில் வந்த அதன் முதல் அலகு தனிமனிதரின் தெரிவிலிருந்து தொடங்கவில்லை. முதலாளித்துவம் தோன்றி மனிதரின் வாழ்க்கைத்தரமும் நாடுகளுக்கிடையிலான ஏற்றத்தாழ்வும் மாறிய வரலாற்றிலிருந்து தொடங்குகின்றது. அதுவும் தொடக்கநிலை மாணவர்க்கென எழுதப்பட்டதே. வரலாறும் விவாதமும் முதல் வகுப்பிலேயே இடம்பெறலாம் என்பது நடைமுறையிற் காட்டப்பட்டாயிற்று.

செய்யத்தக்கன பெரிய செலவை வேண்டுவனவல்ல. விரிவுரையாளர் ஒரு காணொளியை வகுப்பில் ஓடவிட்டு, எடுத்துக்காட்டு முடியுமிடத்தில் நிறுத்தி, இது எந்த எல்லைக்குள் உண்மை என வினவலாம். உச்ச விலைப் பாடத்தையும் 2022 இன் நிகழ்ச்சி வரிசையையும் அடுத்தடுத்து வைத்து, எந்த இடத்தில் அவை ஒத்துச் செல்கின்றன, எந்த இடத்தில் விலகுகின்றன என மாணவரைக் கொண்டே எழுதுவிக்கலாம். தமிழிற் காணொளி தயாரிக்க முன்வருவோர் கருத்து வேறுபாடுடைய இரு விரிவுரையாளரைத் திரைமுன் அமர்த்தி ஒரே விடயத்தைப் பேசவைக்கலாம். மாணவரின் தடுமாற்றத்தை வெட்டி நீக்காது விடலாம். இத்தகைய முயற்சியை ஒரு பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கமே தொடங்கலாம். அறுபதுகளிற் கலைச்சொல் ஆக்கியோர் தம் காலத்துக் கடமையைச் செய்தனர். அச்சொற்களைக் கொண்டு வாதிடும் ஒரு மரபை ஆக்குதல் நம் காலத்துக்கு உரியதாகும்.

காணொளிப் பாடங்கள் நிரம்பலைப் பெருக்கியுள்ளன என்பதில் ஐயமில்லை. முன்னர் ஒரு சிலருக்கே எட்டிய விரிவுரைகள் இன்று கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. ஆனால் கேட்டு அறிதல் என்னும் கேள்வி, வினவுதல் என்னும் கேள்வியாக வளர்ந்தாற்றான் அக்கல்வி நிறைவுபெறும். அவ்வளர்ச்சிக்கான பொறுப்பைத் திரையிடம் ஒப்படைக்க இயலாது. அது கற்பிப்போரிடமும் கற்போரிடமுமே உள்ளது.